சால்வையோடு ஒட்டிக்கொண்ட ஜன்னல்

அந்தத் தெருவில் அவளுக்கு இன்ச் அக்கா என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. சலவைக் கடையின் பின்னறையில் இருபத்தெட்டு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை: அடுத்தவர் தைத்ததைத் திருத்துவது. தொப்பை விழுந்தவருக்குப் பேண்ட்டை விட்டுக் கொடுப்பாள், இளைத்தவருக்குச் சட்டையைப் பிடித்துக் கொடுப்பாள், பெரியவனின் கோட்டைச் சின்னவனுக்கு இறக்குவாள். முகம் அவளுக்கு நினைவில் நிற்காது. ஒருமுறை வங்கி மேலாளர் கடைத்தெருவில் நின்று, "என்னைத் தெரியலையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டதற்கு, "கொஞ்சம் திரும்பி நில்லுங்க" என்றாள். முதுகைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இடது தோள் அரை இன்ச் இறக்கம்.

இந்தக் கண்ணோடு பிறந்தவளுக்குக் கல்யாணம் கைகூடாததில் ஆச்சரியமில்லை. இரண்டு இடம் பேசி வந்தார்கள். இரண்டாவதாக வந்தவரிடம், "இந்தக் கோட் உங்களுது இல்லையே, இரவல்தானே?" என்று கேட்டுவிட்டாள். இரவல்தான். அந்த மனிதர் டீயைக்கூடக் குடித்து முடிக்காமல் எழுந்து போனார். அதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை; பொருந்தாத கோட்டோடு காலம் தள்ள முடியாது என்பாள்.

அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு நம்பிக்கை உண்டு. "அதுக்கென்ன, பிரிச்சுத் தைச்சுக்கலாம்." கடைக்காரர் தப்பாக அளவெடுத்தாலும் இதையே சொல்வாள், பக்கத்து வீட்டுக்காரி புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாலும் இதையே சொல்வாள். தையல் என்றால் நூல். நூலுக்கு ஒரு முனை இருக்கும். முனையைக் கண்டுபிடித்துவிட்டால் பொறுமையாக இழுத்துக்கொண்டே போகலாம், துணி பழையபடி துணியாகிவிடும். எத்தனையோ ஆயிரம் தையலை அப்படிப் பிரித்த கை அது.

அவள் இருப்பது அண்ணன் வீடு. அண்ணன் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. மிச்சம் இருப்பது அவளும் அண்ணியும்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன் அண்ணி இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்றைக்கு, வாசலில் நின்று இவள் சொன்ன முதல் வார்த்தை, "தோள்பட்டை அரை இன்ச் இறங்கியிருக்கே." அது அண்ணியின் அம்மா தன் கையால் தைத்துக் கொடுத்த கவுன். மூன்று வாரம் அண்ணி இவளோடு பேசவில்லை. சமையலறையில் இருவரும் ஒருவரை ஒருவர் இடிக்காமல் சுற்றி வந்ததைப் பார்த்து அண்ணன், "ரெண்டு பஸ்ஸு ஒரே தெருவுல வர்ற மாதிரி இருக்கு" என்றாராம். நாலாவது வாரம் ஒரு காலையில், அந்தக் கவுன் இவளுடைய தையல் மெஷின் மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. தோளைப் பிரித்து, தூக்கித் தைத்து, இஸ்திரி போட்டு அண்ணியின் கட்டிலில் வைத்தாள். மறுநாள் காலை இவளுக்கும் சேர்த்து டீ வந்தது.

அன்றிலிருந்து அவர்களுக்குள் முக்கியமான பேச்செல்லாம் துணி வழியாகத்தான். கோபம் என்றால் பித்தான் அறுந்த சட்டை மெஷினுக்குப் பக்கத்தில் பொத்தென்று விழும். சமாதானம் என்றால் அது பித்தானோடு கொடியில் தொங்கும். அண்ணன் போன பிறகு, இனிமேல் நாத்தனாரும் அண்ணியும் ஒரு கூரையின் கீழ் எங்கே இருக்கப்போகிறார்கள் என்று தெருவே வாய் பிளந்து காத்திருந்தது. இருவரில் ஒருவரும் அசையவில்லை. காத்திருந்தவர்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இப்போது அந்த அண்ணி புறப்படுகிறாள். வெளிநாட்டில் இருக்கும் மகன் கூப்பிட்டுவிட்டான். போனில் அவன், "அத்தை, அம்மா கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்" என்றுதான் சொன்னான். ஆனால் கொஞ்ச நாள் என்பதற்கு அவன் அளவு எதுவும் சொல்லவில்லை. அளவு சொல்லாத எதையும் இன்ச் அக்காவால் நம்ப முடியாது. போதாததற்குச் சாப்பாட்டு மேஜையில் கிடந்த டிக்கெட் காகிதத்தைப் பார்த்துவிட்டாள். போவதற்கு மட்டும்தான் இருந்தது. திரும்பி வருவதற்கு இல்லை. காகிதத்தைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

கேட்டுவிடலாம்தான். "அண்ணி, திரும்பி வருவீங்களா?" நாலு வார்த்தைகூட இல்லை. ஆனால் பெற்ற பிள்ளை கூப்பிடும்போது நடுவில் நிற்க நாத்தனாருக்கு என்ன பாத்தியதை? கேட்டால், தான் தனியாக இருக்கப் பயப்படுவதாக ஆகிவிடும். பயம்தான். ஐம்பத்து நாலு வயதில் காலி வீட்டுக் கதவைச் சாவி போட்டுத் திறக்க வேண்டும். அதை வெளியே சொல்வதைவிட விரலை மெஷினுக்குள் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

அதனால் அவள் ஒரு படம் செய்ய ஆரம்பித்தாள். அண்ணியின் பெட்டியில் அடங்குகிற மாதிரி, பதினாலு இன்ச்சுக்குப் பத்து இன்ச்சில், துணியால் ஒரு சின்ன மெத்தைப் படம். மேலே படம், நடுவில் மெல்லிய பஞ்சு, பின்னால் ஒரு துணி, மூன்றையும் பிடித்து நிறுத்த ஓட்டுத் தையல். படத்தில் பின்பக்க ஜன்னல். அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் இருவரும் தினமும் காலை டீ குடிக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே காரை பெயர்ந்த சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மரம், இந்தப் பக்கம் துணிக்கொடி. உலகத்தில் யாரும் இதைப் பார்க்க டிக்கெட் எடுத்து வரப்போவதில்லை. அவர்கள் இருவரும் முப்பத்தொரு வருஷமாகப் பார்க்கிறார்கள்.

இந்த வேலையை அவளுக்குக் காட்டியது கடைக்கு வரும் ஓவிய டீச்சர். கோட்டின் உள்துணியை அழகாக மாற்றிக் கொடுத்த சந்தோஷத்தில் டீச்சர் ஒரு பை நிறையச் சாயமேற்றிய பச்சைக் கம்பளியைக் கொண்டுவந்து கொடுத்தாள். நூலாக நூற்காத கம்பளி, மேகம்போல் பொசுபொசுவென்று இருந்தது. கூடவே ஏழெட்டு நீள ஊசிகள். கண்ணில்லாத ஊசி, முனைப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன முள். துணிமேல் கம்பளியைப் பரப்பி இந்த ஊசியால் குத்திக்கொண்டே இருந்தால், முள் இழைகளை இழுத்துத் துணிக்குள் கொண்டுபோய்விடும். நூல் வேண்டாம், முடிச்சு வேண்டாம். குத்தக் குத்தக் கம்பளி துணியோடு ஒன்றாகிவிடும்.

"அடியில ஸ்பாஞ்ச் வச்சுக்கோங்க" என்றாள் டீச்சர். "நடுநடுவுல துணியைத் தூக்கிப் பார்த்துக்கணும். இல்லேன்னா அடியில இருக்கிறதோடயும் சேர்ந்துக்கும்."

"சேர்ந்தா என்ன, பிரிச்சுக்கலாம்."

"இதுல பிரிக்க எதுவும் இல்லையே அக்கா" என்றாள் டீச்சர். இன்ச் அக்கா தலையாட்டினாள். காதில் வாங்கவில்லை.

முதல் வாரத்தில் நாலு ஊசி உடைந்தது. சாய்த்துக் குத்தினால் பட்டென்று போய்விடுகிறது. இடது கட்டைவிரல் சல்லடையானது. கடைக்காரர் பார்த்துவிட்டு, "என்னம்மா, இத்தனை வருஷத்துக்கப்புறம் தையல் கத்துக்கறியா?" என்று கேலி செய்தார். ஆனால் கை பிடிபட்டதும் அவளுக்கு அதிலிருந்து மீள மனமில்லை. தையலில் ஒரு கோடு என்றால் கோடுதான். இதில் ஒரு நிறம் முடியும் இடமும் அடுத்தது தொடங்கும் இடமும் தெரிவதில்லை. சாம்பலும் பழுப்பும் கலந்து சுவர் வந்தது. மூன்று பச்சை சேர்ந்து மரம் வந்தது. காலை வெளிச்சத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சளை வெள்ளையோடு பிய்த்துக் கலந்து, சுவரின் தலையில் குத்தினாள். அதன்மேல் நூல் வேலை: கொடிக்குக் காம்புத் தையல், இலைகளுக்குச் சங்கிலித் தையல், துணிக் கிளிப்புகளுக்குக் கடுகளவு முடிச்சுகள். கொடியில் அண்ணியின் நீலக் கவுனும் தன் மஞ்சள் கவுனும் தொங்கின.

எல்லாம் அண்ணிக்குத் தெரியாமல். படத்தையும் ஊசிகளையும் கடைக்குப் போகும் பையிலேயே வைத்துக்கொண்டாள். மத்தியானம் அண்ணி கண்ணயரும் ஒரு மணி நேரம்தான் கணக்கு. கடையிலிருந்து சாப்பிட வருபவள் அள்ளிப் போட்டுக்கொண்டு, சாமான் போட்டு வைக்கும் சின்ன அறைக்குள் புகுந்துகொள்வாள். இரண்டு வாரத்தில் ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. அதற்குப் பதில் அந்த அறையிலேயே கிடந்த பழைய சாம்பல் நிறப் போர்வையை நாலாக மடித்து அடியில் வைத்துக்கொண்டாள். துவைத்துத் துவைத்துப் பலகையாக இறுகிப்போன போர்வை. ஊசி அதில் போகும், வரும், எதுவும் ஒட்டாது. நாலு நாளில் தூக்கிப் பார்க்கும் பழக்கமும் விட்டுப்போயிற்று. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வாழ்நாளெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். ஊசிக்கு அடியில் இருப்பது இரும்பு. துணி தைக்கும்போது இரும்போடு சேர்ந்து தைபடுமா என்று எந்தத் தையல்காரி பயந்தாள்?

புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போது, அண்ணி பெட்டி அடுக்க ஆரம்பித்தாள். அடுக்குகிற வேகத்தில் அந்தச் சின்ன அறையையும் ஒழித்துவிட்டாள். பழைய போர்வை ஊறப்போட்ட பக்கெட்டுக்குள் போனது. அந்த அறையில் அது கிடந்த பழைய தகரப் பெட்டியின் மேல், மகன் பார்சலில் அனுப்பியிருந்த புதுக் கம்பளிச் சால்வையை நாலாக மடித்து வைத்தாள். அதுவும் சாம்பல் நிறம்.

அன்று மத்தியானம் இன்ச் அக்கா அவசரமாக வந்தாள். மேல்துணியில் மரத்தடி நிழல் மட்டும் பாக்கி; பஞ்சும் பின்துணியும் அப்புறம். அறையில் விளக்கைப் போடவில்லை. போட்டால் கதவிடுக்கில் வெளிச்சம் தெரியும். தகரப் பெட்டிமேல் மடித்திருந்ததைப் போர்வை என்று இழுத்து, படத்தை மேலே வைத்து, குத்த ஆரம்பித்தாள். நிழல் முடிந்தது. சுவரில் ஒரு இடம் லேசாகத் தெரிந்தது, அங்கேயும் குத்தினாள். பிறகு மரத்தை இன்னும் அழுத்தினாள். ஒரு மணி நேரத்தில் படம் முழுக்க ஊசி போய் வந்துவிட்டது. திருப்தியாக மூச்சு விட்டு, படத்தைத் தூக்கினாள். படத்தோடு சால்வையும் எழுந்து வந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். மரம் மெல்ல நூலாம்படை மாதிரி நீண்டுகொண்டு வந்தது, விட்டுவிட்டாள். சால்வையை விரித்துப் பார்க்கலாம் என்று மடிப்பைப் பிரித்தால், மேலிருந்த இரண்டு மடிப்பும் ஒன்றையொன்று விடவில்லை. நீள ஊசி, இரண்டு அடுக்கையும் ஊடுருவிக் கோத்துவிட்டிருந்தது. தையல் பிரிக்கும் பிளேடை எடுத்துக்கொண்டு சாத்தியிருந்த ஜன்னலை லேசாகத் திறந்து, கண்ணருகே வைத்து நூல் முனையைத் தேடினாள். முனை இல்லை. எங்கும் முனையே இல்லை. பிளேடும் கையுமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாத்தனாரே, இன்னைக்குக் கடைக்குப் போகலையா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணி எழுந்து வந்துவிட்டாள். கதவைத் தள்ளியவள் மடியைப் பார்த்தாள். "என்னது அது? என் சால்வையா?"

"ஆமா அண்ணி."

"அதுல என்ன ஒட்டியிருக்கு?"

"படம்."

"புது சால்வைடி! பிள்ளை ஆசையா அனுப்பினது. நான் இன்னும் ஒருதடவைகூடப் போர்த்தல." அண்ணியின் குரல் உயர்ந்தது. "பிரிச்சுக் குடு முதல்ல."

"பிரியாது அண்ணி."

முப்பத்தொரு வருஷத்தில் இவள் வாயிலிருந்து அண்ணி அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. சட்டென்று சத்தம் நின்றது. சால்வையைப் பிடுங்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனாள். படத்தை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நம்ம பின்பக்கச் சுவரு" என்றாள் கடைசியில். "காரை உதிர்ந்த இடத்தைக்கூட விடலையே நீ." விரலால் கொடியைத் தடவிக்கொண்டே போனாள். "என் நீலக் கவுன். உன் மஞ்சளு. அது ஏன் அவ்வளவு தள்ளித் தொங்குது?"

"நடுவுல அண்ணன் சட்டை இடம். நாம இப்பவும் அதை விட்டுட்டுத்தானே காயப்போடறோம்."

அண்ணிக்குத் தெரியாது. ஒன்பது வருஷமாகத் தானும் அந்த இடத்தை விட்டுத்தான் துணி காயப்போடுகிறோம் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. விரல் அந்தக் காலியிடத்தில் நின்றது. பிறகு திரும்பி நாத்தனாரை நேராகப் பார்த்தாள்.

"கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாக்கூட எந்தத் துணின்னு சொல்ற ஆளு நீ. பழைய போர்வைக்கும் புது சால்வைக்கும் வித்தியாசம் தெரியலையா உனக்கு?"

இன்ச் அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள், இருட்டு, அவசரம் என்று. அந்த ஒரு மணி நேரம் விரல்களுக்கு அடியில் மெத்தென்று இருந்தது நினைவுக்கு வந்தது.

"கைக்குத் தெரிஞ்சிருக்கும் அண்ணி" என்றாள். "நான்தான் கேட்டுக்கல போல."

"ஏன்?"

"டிக்கெட்டைப் பார்த்தேன். போறதுக்கு மட்டும்தான் இருக்கு." இதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்துகொண்டு வந்தது. "நீங்க திரும்பி வருவீங்களா, மாட்டீங்களா? எனக்குச் சொல்லிடுங்க. தனியா இருக்கப் பயமா இருக்கு அண்ணி."

"எனக்கே தெரியலையே" என்றாள் அண்ணி மெதுவாக. "அவன் கூப்பிட்டான். சரின்னுட்டேன். திரும்பி வரேன்னு சொன்னா அவன் மனசு கஷ்டப்படும். வரலேன்னு சொன்னா உன் மனசு. அதான் ரெண்டு பேர்கிட்டயும் வாயைத் திறக்கல." சால்வையைப் படத்தோடு சுருட்டி எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மறுநாள் காலை இன்ச் அக்கா எழுந்து வந்தபோது, சால்வை அவள் தையல் மெஷின் மேல் இருந்தது. நீளவாக்கில் விரித்து, சரியாக நட்டநடுவில் அவளுடைய நீல சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தது. தையல் தெரியாத கை போட்ட கோணல் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் சால்வை. இந்தப் பக்கம் இரண்டு அடுக்காக ஒட்டிக்கொண்ட சால்வை, அதன்மேல் ஜன்னல்.

அண்ணி வெட்டச் சொல்கிறாள். உனக்குப் பாதி, எனக்குப் பாதி, கணக்குத் தீர்ந்தது என்கிறாள். கத்தரிக்கோலைத் தொடவே கை வரவில்லை. பின்பக்க ஜன்னலுக்குப் போனாள். அண்ணி இரண்டு டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள்.

"வெட்டிட்டியா?"

"இல்ல."

"ஏன், கோடு தெரியலையா? உன் பாதியைச் சுத்தி ஓரம் அடிச்சு இந்தச் சுவத்துல மாட்டு. படத்துக்கு அடியில பஞ்சு, துணின்னு வைக்க நினைச்சிருப்பே, சால்வையே ரெண்டு அடுக்கா தன்னால சேர்ந்துடுச்சு, பாரு. என் பாதியை நான் எடுத்துட்டுப் போறேன்."

"பாதி சால்வையை வச்சுக்கிட்டு அங்க என்ன பண்ணுவீங்க? குளிர் தாங்குமா?"

"இப்ப அங்க வெயில் காலம்தான். சாயங்காலக் குளிருக்குப் பாதி போதும்னான்." அண்ணி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "நாலு மாசம் போனா நிஜக் குளிர் ஆரம்பிச்சுடுமாம். அதுக்குப் பாதி பத்தாது. காலையிலேயே போன்ல பேசிட்டேன். குளிருக்கு முன்னாடி திரும்புற மாதிரி டிக்கெட்டைப் போட்டுடுடான்னு."

"வேற சால்வை வாங்கித் தரேன்னு சொல்லியிருப்பானே?"

"சொன்னான். எனக்கு இதுதான் வேணும்னுட்டேன். கொஞ்சம் முகம் வாடினான், பாவம். அப்புறம் சரின்னான்."

இன்ச் அக்கா டீயை எடுத்தாள். அழுகை வந்தது, அழுதாள். அண்ணி ஜன்னலுக்கு வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்குப் போகுமுன் கத்தரிக்கோலை எடுத்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் சாக்பீஸ் கோட்டை விட்டு ஒரு நூல் விலகி வெட்டியதில்லை அவள். கோட்டின் மேல் கத்தரியை வைத்தாள். பிறகு அதை மெதுவாக நகர்த்தி, அண்ணியின் பக்கம் இரண்டு இன்ச் உள்ளே தள்ளி, நேராக வெட்டினாள். ஓரத்தை மடித்து அடித்து, இஸ்திரி போட்டு, அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அண்ணி தோளில் போட்டுப் பார்த்தாள். இப்படி இழுத்தாள், அப்படி இழுத்தாள். நாத்தனாரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரெண்டு இன்ச் குறையுதே" என்றாள்.

"ஆமா அண்ணி. குளிர் கொஞ்சம் சீக்கிரமே தெரியும்."